‘பயிற்சியாளராகவும் இருந்தார்’னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் வியாசர்பாடில காய்கறிக் கடை வச்சிருக்கேன். 20 வருஷத்துக்கு மேல உங்க பேப்பர்தான் வாங்குறேன், விடிகாலைல கோயம்பேட்டுல இருந்து லோடு வந்து எறக்கி அடுக்கி முடிச்சதும் டீ கிளாஸ கையில வச்சிக்கினு மொதல்ல ஸ்போர்ட்ஸ் பக்கத்ததான் பிரிப்பேன். போன வாரம் அதுல நெதர்லாந்து ஃபுட்பால் பத்தி ஒரு சின்ன செய்தி வந்துச்சு, அதுக்குள்ள யோஹான் க்ரைஃப் பத்தி நாலு வரி. மூணு வரி அவரு ஆடின ஆட்டத்தப் பத்தி, கடைசி வரி ‘பின்னர் பயிற்சியாளராகவும் இருந்தார்’. அவ்ளோதான் சார். அந்த ‘ஆகவும்’ எனக்கு ஒரு வாரமா முள்ளு மாதிரி உறுத்திக்கினே இருக்கு, அதான் எழுத உக்காந்துட்டேன். நீளமாதான் போகும், பேப்பர்ல எடம் இல்லன்னா வெட்டிப் போடுங்க, ஆனா நீங்க ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க.

எங்க ஏரியாவ மினி பிரேசில்னு சொல்லுவாங்க, உங்களுக்கே தெரியும், நீங்களே எழுதியிருக்கீங்க. 2018ல ஐஎஸ்எல்னு நம்ம நாட்டு ஃபுட்பால் லீக் செமி ஃபைனல்ல கோவாவுக்கு எதிரா சென்னைக்கு கோல் போட்ட தனபால் கணேஷ் எங்க வியாசர்பாடிக்காரருதான். இங்க செவுத்துல பீலே இருப்பாரு, நெய்மார் இருப்பாரு, மெஸ்ஸி இருப்பாரு, க்ரைஃப் படம் ஒண்ணு கூட நான் பார்த்ததில்ல. பேர எழுத்துக் கூட்டிப் படிச்சு ‘குரூயிஃப்’னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. எனக்கு அவரத் தெரிஞ்சதே கப்பலுக்குப் போன ஒரு மாமாவாலதான். எங்க தெருக்காரரு, 1990ல ராட்டர்டாம்ல கப்பல் நின்னப்போ ஒரு வீடியோ கேசட் வாங்கினு வந்தாரு, எனக்கு அப்போ 14 வயசு. டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து தெருவுலயே வச்சுப் போட்டோம், பாஷ ஒரு எழவும் புரியல, ஆனா பந்துக்கு இன்னா பாஷ.

அதுல 1974 வேர்ல்டு கப், ஸ்வீடன் மேட்ச். எடது பக்க ஓரத்துல க்ரைஃப், முதுகோட ஒட்டிக்கினு ஸ்வீடன் டிஃபெண்டர் யான் ஓல்சன். க்ரைஃப் வலது கால ஓங்குறாரு, கிராஸ் போடப் போறாருன்னு ஓல்சன் அந்தப் பக்கம் சாயுறாரு, அதே நொடி அதே வலது காலோட உள்பக்கத்தால பந்த தன்னோட எடது காலுக்குப் பின்னாடி இழுத்து அப்படியே திரும்பி அவரு பாட்டுக்குப் போயிட்டாரு, ஓல்சன் இன்னும் அங்கயே தேடிக்கினு இருக்காரு. டெக்க நிறுத்தி நிறுத்தி, படம் கோடு கோடா நடுங்கும், கிட்டப் போய் மூக்கு ஒட்டுற மாதிரி நின்னு பார்த்தோம். அந்த மேட்ச் 0-0தான் சார், கோலே இல்ல. மறுநாள் எங்க தெருவுல பாதிப் பசங்களுக்கு முட்டி தேஞ்சு போச்சு.

அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு அவரு கதைய படிச்சேன். 1947 ஏப்ரல் 25 ஆம்ஸ்டர்டாம்ல பொறந்தாரு, பெட்டோன்டார்ப்னு ஒரு எடம், கான்கிரீட் கிராமம்னு அர்த்தமாம், தொழிலாளிங்க குடியிருக்கிற பகுதி. அப்பா அம்மா வச்சிருந்தது இன்னா கடைன்னு நெனைக்கிறீங்க, காய்கறிக் கடை. அத படிச்சப்போ கல்லாப் பெட்டி மேல கைய வச்சிக்கினு அப்படியே உக்காந்துட்டேன் சார், எதிர்ல ஒரு அம்மா கால் கிலோ பீன்ஸ் கேட்டுக்கினே இருந்தாங்க, எனக்குக் காதுலயே விழல. அவருக்கு 12 வயசு இருக்கும்போது, 1959ல அப்பா செத்துட்டாரு. அம்மா கடைய விட்டுட்டு அந்த ஊரு ஃபுட்பால் கிளப்பு அயாக்ஸ்ல கிளீனிங் வேலைக்குப் போனாங்க. புள்ள அதே கிளப்புல சின்ன பசங்க டீம்ல. அந்த கிரவுண்டப் பார்த்துக்கினு இருந்த ஹெங்க்னு ஒருத்தருதான் பின்னாடி அவருக்கு ரெண்டாவது அப்பா ஆனாரு, அவரு கூடவே சுத்தி கொடி நடுறது, வலை கட்டறதுன்னு எல்லாம் இந்தப் பையன் செய்வான். அம்மா தொடைச்சு வச்ச டிரெஸ்ஸிங் ரூம்ல இருந்து புள்ள ஷூ மாட்டிக்கினு எறங்கறான். எங்க தெருவுல அந்த மாதிரி அம்மாங்க வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்க, காலைல 5 மணிக்கே பஸ் ஏறி ஆபீஸ் ஆபீஸா கூட்டித் தொடைக்கப் போறவங்க. அவங்க புள்ளைங்கதான் சாயங்காலம் என் கடை எதிர்ல பந்து ஒதைக்குறது.

அவரு ஆட்டம் கத்துக்கினது ரோட்லதான். கான்கிரீட்ல விழுந்தா அடி படும், அதனால விழாம ஆடக் கத்துக்கினேன்னு சொல்லுவாரு. பிளாட்ஃபார ஓரக் கல்லு இருக்குல்ல, அது தடை இல்ல, அதுவும் ஒரு பிளேயர்தான், அதுல அடிச்சா திருப்பி பாஸ் குடுக்கும்னு சொல்லுவாரு. எங்க பசங்க ஈபி பாக்ஸ் செவுத்துல அடிச்சு வாங்கி ஓடறது அதேதான், யாரும் சொல்லிக் குடுக்கல.

ஆட்டக்காரரா அவரு செஞ்சத நீங்க போட்டுட்டீங்க, நான் நீட்டல. 1964ல 17 வயசுல அயாக்ஸ்க்கு மொத மேட்ச், 1971, 72, 73னு தொடர்ந்து மூணு ஐரோப்பியக் கோப்பை, மூணு தடவ பாலோன் டோர், அதான் வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது, 1974 ஃபைனல்ல மேற்கு ஜெர்மனிகிட்ட 2-1 தோல்வி. பிரேசிலயே அந்த வேர்ல்டு கப்ல 2-0ன்னு வீட்டுக்கு அனுப்பினாங்க, ரெண்டாவது கோல் இவரோடது, மினி பிரேசில்காரன் நான் இத சொல்றேன் பாருங்க. நீங்க விட்டது ஒண்ணு இருக்கு. 1983ல அயாக்ஸ் இவருக்கு வயசாயிடுச்சுன்னு காண்டிராக்ட் குடுக்கல. நேரா போய் பரம எதிரி ஃபெயினோர்டுல சேர்ந்துட்டாரு. அந்த சீசன்ல அயாக்ஸ் ஃபெயினோர்ட 8-2ன்னு அடிச்சுது, அத்தோட கத முடிஞ்சுதுன்னுதான் யாரா இருந்தாலும் நெனைப்பாங்க, ஆனா சீசன் முடிவுல லீக்கும் ஃபெயினோர்டுக்கு, கப்பும் ஃபெயினோர்டுக்கு, இவருக்கு அப்போ 37 வயசு. ஒரு மேட்ச வச்சு ஆள எட போடக்கூடாதுன்னு பசங்களுக்கு இத நான் அடிக்கடி சொல்லுவேன்.

இப்போ அந்த ‘ஆகவும்’க்கு வரேன்.

1985ல அயாக்ஸ்க்கே கோச்சா வந்தாரு. கோச்சுக்குப் படிக்க வேண்டிய படிப்பு எதுவும் அவருகிட்ட இல்ல, அதனால பதவிக்கு டெக்னிக்கல் டைரக்டர்னு பேரு வச்சாங்க, செஞ்சது கோச் வேலைதான். மொத சீசன்ல 34 லீக் மேட்ச்ல 120 கோல். அப்படியும் லீக் கிடைக்கல, பிஎஸ்வின்னு இன்னொரு நெதர்லாந்து கிளப் எடுத்துக்கினாங்க. ஆனா 1987ல ஏதென்ஸ்ல லைப்ஸிக் டீம 1-0ன்னு ஜெயிச்சு கப் வின்னர்ஸ் கப்னு இன்னொரு ஐரோப்பியப் போட்டிய வாங்கினாரு, கோல் போட்டது வான் பாஸ்டன். டென்னிஸ் பெர்க்காம்ப்னு 17 வயசுப் பையன பெரிய டீம்ல எறக்கினதும் அவருதான்.

அதுக்கப்புறம் 1988, ஸ்பெயின்ல பார்சிலோனா கிளப். இன்னிக்கி பார்சான்னா எங்க பசங்களுக்கு உயிரு, ஆனா அன்னிக்கி நெலமை இன்னான்னு தெரியணும். 1960க்கு அப்புறம் 28 வருஷத்துல லீக் ரெண்டே தடவதான் ஜெயிச்சிருந்தாங்க, அதுல ஒண்ணு 1974ல இவரு ஆடி வாங்கிக் குடுத்தது. இவரு வர்றதுக்கு முந்தின மாசம் பிளேயருங்களே ஒரு ஹோட்டல்ல உக்காந்து பிரெசிடெண்ட் ராஜினாமா பண்ணணும்னு பேட்டி குடுத்தாங்க. அப்படி நாறிக் கெடந்த வீட்டுக்குள்ள வந்து பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல வெளிய அனுப்பிட்டு புதுசா ஆரம்பிச்சாரு. மொத ரெண்டு வருஷம் லீக் ரியல் மாட்ரிட்டுக்குதான் போச்சு, ஜனங்க வாய்க்கு வந்தபடி பேசினாங்க. 1990ல கோபா டெல் ரே, அதான் ஸ்பெயின் நாட்டுக் கப், அந்த ஃபைனல்ல அதே ரியல் மாட்ரிட்ட 2-0 ஜெயிச்சதுலதான் வேல தப்பிச்சுது. அவர அன்னிக்கே அனுப்பியிருந்தா இன்னிக்கி நாம பார்க்குற ஃபுட்பாலே வேற மாதிரி இருந்திருக்கும் சார், இத நான் சும்மா ஆசைல சொல்லல.

அவரு ஆட்டத்த பசங்களுக்கு நான் எப்படி சொல்லிக் குடுப்பேன்னா, கடை மூடுற நேரத்துல சாக்க விரிச்சு அதுமேல காய வைப்பேன். ஒரு முனையில ஒரு பெரிய பீட்ரூட், அது கோலி. அதுக்கு முன்னாடி மூணு தக்காளி, மூணே டிஃபெண்டர். நடுவுல நாலு, ஆனா வரிசையா இல்ல, பட்டம் மாதிரி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு பக்கத்துக்கு ஒண்ணு. முன்னாடி மூணு, அதுல ரெண்டு பேரு சாக்கோட ஓரத்துல, விழுந்துடற மாதிரி அவ்ளோ ஓரத்துல. எதிரிக்கு சின்ன வெங்காயம். இப்போ எந்த தக்காளிகிட்ட பந்து இருந்தாலும் பாஸ் குடுக்க ரெண்டு மூணு முக்கோணம் இருக்கும், பசங்களையே வெரலால கோடு போடச் சொல்லுவேன், அவனுங்களே கண்டுபிடிச்சு கத்துவானுங்க. பந்து நம்மகிட்ட இருக்கும்போது கிரவுண்ட பெருசாக்கு, எதிரிகிட்ட போனா சின்னதாக்கு, ஓடறது பந்து, யோசிக்கிறது நீ, அவரு சொன்னது மொத்தமே இதுதான். பீட்ரூட்டுக்கும் கால் இருக்கு, அதுவும் பாஸ் குடுக்கணும். கோலி கால்ல ஆடறது இன்னிக்கி எல்லா டீமுக்கும் சாதாரணம், அப்போ இத சொன்னப்போ பைத்தியம்னாங்க.

நடுவுல இருக்கிற அந்தப் பட்டத்துல கீழ்முனைல இருக்கிற தக்காளிதான் ரொம்ப முக்கியம். அந்த எடத்துக்கு அவரு தேடிப் பிடிச்சது யாருன்னா, சான்ட்பெடார்னு ஒரு சின்ன ஊர்ல இருந்து வந்த கொத்தனார் மகன், பெப் கார்டியோலா. காத்தடிச்சா பறந்துடற மாதிரி ஒல்லி, வேகமும் கெடையாது, ஹெட்டரும் கெடையாது. ஆனா பந்து வர்றதுக்கு முன்னாடியே அது எங்க போகணும்னு தெரிஞ்சு வச்சிருப்பாரு. 1990 டிசம்பர்ல மொத மேட்ச், 1992 ஐரோப்பியக் கோப்பை ஃபைனல்ல வெம்ப்ளில 21 வயசுல நடுவுல நின்னு ஆடினாரு. வேற ஒரு கோச்சா இருந்தா அந்த உடம்பப் பார்த்ததுமே கேட்டுகிட்ட நிறுத்தியிருப்பாங்க.

ஏன் இத சொல்றேன்னா சார், இந்த வருஷம் லீவுல எங்க தெருப் பையன் ஒருத்தன செலக்‌ஷனுக்குக் கூட்டினு போனேன். எந்த எடம், யாருன்னு நான் எழுதல, எழுதினா பையனுக்குதான் கஷ்டம். 13 வயசு, அம்மா வீட்டு வேல செய்யறவங்க. என்கிட்ட ஞாயித்துக்கிழம ஆடற பசங்கள்ல இவன மாதிரி தலையத் தூக்கி ஆடறவன் வேற யாரும் இல்ல, பந்த வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தோள் மேலயும் திரும்பிப் பார்த்துடுவான், நான் சொல்லிக் குடுக்கல, டூ வீலரு ஆட்டோ வர்ற ரோட்ல ஆடி ஆடி வந்த பழக்கம். மொத நாள் ராத்திரி அம்மா அவன் ஸ்டட்ஸ பழைய பிரஷ்ஷால தேச்சு நியூஸ் பேப்பர் உள்ள அடைச்சு வச்சிருந்தாங்க, அது உங்க பேப்பரா கூட இருக்கலாம். காலைல 6 மணிக்கே போயிட்டோம், எங்களுக்கு முன்னாடியே பெரிய வரிசை. செவுத்துல ஸ்கேல் ஒட்டியிருந்துச்சு, ஒவ்வொருத்தனா நிறுத்தி ஒசரம் எழுதினாங்க, அப்புறம் ஒரு ஓட்டம். இவன் ஓடி முடிச்சு மூச்சு வாங்கினு நிக்கறான், ‘ஹைட் பத்தாதுப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்’, முடிஞ்சுது. ஒரு பந்து கூட அவன் கால்கிட்ட வரல.

திரும்பி வர்றப்போ பஸ்ல ஒண்ணுமே பேசல அவன். பேசின் பிரிட்ஜ் தாண்டினதும் ஜன்னல்ல இருந்து திரும்பி, ‘மாமா, பந்தே குடுக்கலியே, நான் ஆடுவேனா ஆட மாட்டேனான்னு அவங்களுக்கு எப்டி மாமா தெரியும்’னு கேட்டான். எனக்கு பதில் வரல சார்.

க்ரைஃப் வளத்து விட்ட அந்த வழியில பார்சா அகாடமில இருந்து பின்னாடி வந்தவங்க யாரு, ஷாவி, இனியஸ்தா, மெஸ்ஸி, மூணு பேரும் 5 அடி 7 அங்குலம் அந்த அளவுதான். 2010 பாலோன் டோர்ல மொத மூணு எடமும் இந்த மூணு பேருக்குதான், மூணு பேரும் அந்த ஒரே அகாடமி. அப்படி ஒரு அகாடமி வேணும்னு 1979லயே பார்சா பிரெசிடெண்ட்கிட்ட சொன்னதும் க்ரைஃப்தான். அதே 2010ல வேர்ல்டு கப் ஃபைனல்ல அவரோட சொந்த நாடு நெதர்லாந்து, எதிர்ல ஸ்பெயின், ஸ்பெயின் டீம்ல பாதிக்கு மேல பார்சா பசங்க. நெதர்லாந்து முட்டி மோதி கால் மேல ஒதச்சு ஆடுனாங்க, 1-0 தோத்தாங்க. க்ரைஃப் சொந்த நாடுன்னு பார்க்கல, இது ஃபுட்பாலுக்கே விரோதமான ஆட்டம்னு வெளிப்படையா சொன்னாரு. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெம்ப்ளிய சொல்லாம விட்டா மனசு ஆறாது. 1992 மே 20, எதிர்ல சாம்ப்டோரியா, பார்சா அதுவரைக்கும் அந்தக் கோப்பைய ஒரு தடவ கூட வாங்கினதில்ல, எல்லாருக்கும் வயித்துல புளி கரையுது. கிரவுண்டுக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி க்ரைஃப் சொன்னது ரெண்டே வார்த்தை, ‘போங்க, அனுபவிச்சு ஆடுங்க’. எக்ஸ்ட்ரா டைம்ல கூமன் ஃப்ரீ கிக், தரையோட போன இடி அது, 1-0. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான், 1991 பிப்ரவரில, அவருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருந்துச்சு, அத்தன சிகரெட். அன்னியோட விட்டாரு, அப்புறம் பெஞ்சுல உக்காரும்போது வாயில லாலிபாப்தான். சிகரெட்டுக்கு எதிரா ஒரு விளம்பரத்துல நடிச்சாரு, கோட்டு போட்டுக்கினு ஒரு சிகரெட் பாக்கெட்ட பந்து மாதிரி கால்லயும் முட்டிலயும் தோள்லயும் தட்டித் தட்டி கடைசில ஒரே ஒதை. ஃபுட்பால் எனக்கு எல்லாத்தையும் குடுத்துச்சு, சிகரெட் எல்லாத்தையும் புடுங்கப் பார்த்துச்சுன்னு அதுல சொல்லுவாரு. எங்க கிரவுண்ட் ஓரம் நின்னு பசங்க எதிர்லயே பத்த வைக்கிற பெரியவங்க கிட்ட எல்லாம் அத போன்ல போட்டுக் காட்டியிருக்கேன், ரெண்டு பேரு தூரமா போய் பிடிக்க ஆரம்பிச்சிருக்காங்க.

1991ல இருந்து 94 வரைக்கும் தொடர்ந்து நாலு லீக். அதுல கடைசி மூணும் கடைசி நாள்ல வந்தது, 1994ல எல்லாம் லீக்குக்குப் போட்டில இருந்த டெபோர்ட்டிவோ டீம்காரரு கடைசி நிமிஷ பெனால்டிய விட்டதாலதான் வந்துச்சு. எல்லாமே அவரு தெறமன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், அதிர்ஷ்டமும் இருந்துச்சு. அதே 1994ல நாலு நாள் கழிச்சு ஏதென்ஸ்ல ஐரோப்பியக் கோப்பை ஃபைனல்ல மிலன்கிட்ட 4-0 தோல்வி. மேட்சுக்கு முன்னாடி கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசிட்டாரு, நாம ஜெயிச்சிட்ட மாதிரி. அந்த அடியில இருந்து டீம் எழுந்திருக்கவே இல்ல. ரெண்டு வருஷம் பெருசா ஒண்ணும் வரல, 1996 மே மாசம் சண்ட போட்டு வெளிய அனுப்பிட்டாங்க. 11 கோப்பை வாங்கிக் குடுத்த ஆளு, 49 வயசு, அதுக்கப்புறம் எந்த கிளப்புக்கும் கோச்சா போகவே இல்ல. 2016 மார்ச் 24, நுரையீரல் கேன்சர்ல போயிட்டாரு. மறுநாள் நெதர்லாந்து பிரான்ஸ் மேட்ச்ல 14வது நிமிஷத்துல ஆட்டத்த நிறுத்திக் கை தட்டினாங்க, அவரு ஜெர்சி நம்பர் 14. அன்னிக்கி சாயங்காலம் நான் கடைய சீக்கிரம் மூடிட்டேன்.

அவரு பேர்ல இருக்கிற ஃபவுண்டேஷன் ஊர் ஊரா சின்னச் சின்ன கிரவுண்டு போட்டுக் குடுக்குது, 200க்கு மேல இருக்கு, ஏழைப் பசங்க இருக்கிற தெருப் பக்கமாவே. ஸ்டேடியம் இல்ல சார், தெருவுல ஆடற அளவு கிரவுண்டு. எங்க பக்கத்துல பசங்க எண்ணிக்கைக்கு கிரவுண்டு பத்தல, இருக்கிறதுலயும் சாயங்காலம் பெரிய பசங்க டோர்னமென்ட்னா சின்னவனுங்க ரோட்டுக்குதான் வரணும், பந்து கேப்டன் காட்டன் கால்வாய்ல விழுந்தா அந்த மாச பந்து அத்தோட போச்சு.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. செலக்‌ஷன் வைக்கிறவங்க மொதல்ல பந்த குடுக்கட்டும். அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு, பத்து நிமிஷம் ஆட விட்டுப் பார்க்கட்டும், ஒசரத்த அப்புறம் எழுதிக்கலாம். சின்ன வயசுல எவன் எப்போ வளருவான்னு டாக்டராலயே சொல்ல முடியாது. நீங்களும் ஸ்போர்ட்ஸ் பக்கத்துல ஒரு ஓரத்துல எங்க பக்கம் நடக்குற சின்ன பசங்க மேட்ச் ஸ்கோர வாரத்துக்கு ஒரு தடவ போடுங்க சார், பேர் வந்த பேப்பர ஒரு அம்மா எப்படி மடிச்சு அரிசி டப்பாக்குள்ள வைப்பாங்கன்னு நான் பார்த்திருக்கேன்.

அந்தப் பையன் ரெண்டு வாரம் ஆட வரல. மூணாவது ஞாயித்துக்கிழம வந்தான், ஒண்ணும் கேக்கல நான், அன்னிக்கி அவன கீழ்முனைத் தக்காளி எடத்துல நிறுத்தினேன். உங்க ஸ்போர்ட்ஸ் நிருபர ஒரு ஞாயித்துக்கிழம காலைல 6 மணிக்கு அனுப்புங்க. ஜீவா ஸ்டேஷன்ல எறங்கி பசங்க பந்து ஆடற எடம் எதுன்னு யாரக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. மொத நாள் மழ பேஞ்சிருந்தா மட்டும் கணேசபுரம் சப்வே பக்கம் வண்டில வர வேணாம்னு சொல்லிடுங்க, தண்ணி நிக்கும்.

இப்படிக்கு,
காய்கறிக் கடைக்கார வாசகர்,
வியாசர்பாடி, சென்னை - 39.